நாலு கம்பி

வரைபடத்தின் மூன்றாம் திருத்தம்
செவ்வாய் இரவு பதினொன்று இருபதுக்குக் குழுவில் வந்தது.
கட்டைவிரல் உயர்த்தியவர்கள் ஆறு பேர்.
நானும் உயர்த்தினேன்,
பல் துலக்கிக்கொண்டே.

குழுவில் பிபின் நாயக் இல்லை.
கஞ்சம் மாவட்டத்துக்காரன், கம்பி கட்டுபவன்.
அவனிடம் இருந்தது இரண்டாம் திருத்தம்:
சிமெண்ட் கொட்டகைத் தகரத்தில் ஒட்டிய காகிதம்,
டீக்கறை பட்டு
படிக்கட்டுப் பக்கம் பாதி அழிந்தது.

வெள்ளி விடிகாலை.
பள்ளத்தூர் ஊருணிக்குக் கிழக்கே
மருத்துவமனையின் முதல் தளம் கான்கிரீட்டுக்குக் காத்திருக்கிறது.
காரைக்குடியிலிருந்து வந்த லாரி
வயிற்றைச் சுழற்றியபடி வாசலில் நிற்கிறது.
"நாப்பது நிமிஷம். அப்பறம் கல்லாப் போனா
என்னயக் கேக்காதீக" என்கிறார் டிரைவர்.

அப்போதுதான் அழகுமீனாள் கேட்டாள்,
யாரைப் பார்த்தும் இல்லை:
"இந்த நாலு கம்பிய ஏன் திரும்ப எறக்கச் சொன்னாக?
முந்தாநேத்து பதினாறு தூக்குனேன்.
மேல பன்னண்டுதான் கெடக்கு."

அவள் எண்ணவில்லை.
தோள் எண்ணியிருக்கிறது.

ஸ்டோரில் புதுக் கணக்கைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.
மேலே பழைய கணக்கைப் பார்த்துக் கட்டியிருக்கிறான்.
நடுவில் ஏணி.

போனை நீட்டினேன்.
பிபின் இரண்டு விரலால் படத்தை அகட்டினான்.
தேதியைத் தேடியிருக்க வேண்டும்.
"யே கப் ஆயா?"
அவ்வளவு இந்தி எனக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வராது.
மூன்று விரல் காட்டினேன்.
மூன்று மணிநேரம் என்று எடுத்துக்கொண்டான் போல,
தலையாட்டி, கட்டுக்கம்பியை எடுத்தான்.
நான் திருத்தவில்லை.

எல்லோரும் குனிந்தோம்.
கை வேலை செய்யும்போது வாய் திறந்துகொள்கிறது.
எலக்ட்ரீசியன் சவரிமுத்து சொன்னார்,
இதே இடத்தில்தான் குழாய் போடுவதாக இருந்தேன்,
நல்லவேளை.
கொத்தனார் சேவுகன் சொன்னார்,
வடக்கே மூணாவது முட்டு
ஊருணிக்குத் தண்ணி போன பழைய கால்வாய் மேல நிக்கிது,
அடியில பலகை குடுங்க, மழ பேஞ்சா எறங்கும்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

"யாரு கேட்டா?"

எனக்கும் ஒன்று தெரிந்திருந்தது.
புதன்கிழமை அந்தத் தகரத்தைக் கடந்துதான் நடந்தேன்.
காகிதம் பழையது என்று பார்த்தேன்.
வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று போய்விட்டேன்.
அந்த வேறு யாராவது
எல்லாக் கட்டடத்திலும் வேலை பார்க்கிறார்,
வருகைப் பதிவேட்டில்தான் பெயர் இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம் குழாய் வாயைத் திறந்தார்கள்.
பதினாறும் மூழ்கின.
இனி எந்தக் கண்ணும் எண்ண முடியாது.

மறுநாள் படிக்கட்டுச் சுவரில்
செங்கல் துண்டால் அடுத்த பீமை
ஆளுயரத்துக்கு வரைந்தான் பிபின்.
யாரும் சொல்லாமலே அதில் கோடுகள் சேர்ந்தன:
சவரிமுத்துவின் குழாய்கள்,
சேவுகனின் வாட்டம்,
ஓரத்தில் அழகுமீனாள் கிழித்த குச்சிகள்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
கீழே யாரோ ஒரு டிரைவரின் நம்பர்.

பூச்சு வேலை தொடங்கியபோது
சேவுகன் அந்தச் சுவரை விட்டுவிட்டு
அடுத்த அறைக்குப் போனார்.
ஏன் என்று இந்த முறை கேட்டேன்.
"அவன் இன்னம் பாத்து முடிக்கல."

செவ்வாய்க்கு இந்தியில் என்ன என்று
அன்றிரவே தேடி வைத்திருக்கிறேன்.
மங்கள்வார்.
தினமும் சாரத்தில் ஏறும்போது நாவில் இருக்கிறது.
பிபினிடம் இன்னும் சொல்லவில்லை.