மூன்றாம் மாடி, பின்பக்கம்

கெம்னிட்ஸ் நகரத்துப் பழைய தபால் நிலையத்தில்
வாடகை குறைவு.
அதனால்தான் வந்தோம், வரலாற்றுக்காக அல்ல.

மூன்றாம் மாடி, பின்பக்கம், ஜன்னலற்ற அறை.
நகராட்சி தந்த சாவியில் எண் இல்லை.
உள்ளே நீளமாய் ஒரு துத்தநாக மேசை,
அதன் வயிற்றில் ஆவிக் குழாய்கள்.
துரு துடைத்ததும் மூச்சுவிட்டன.

செப்புத்தகட்டில் அச்செடுக்கத்
தாள் ஈரமாக வேண்டும், சொட்டக்கூடாது.
இப்படியொரு மேசையை வாங்கப்போனால்
ஓராண்டு மானியம் கரைந்திருக்கும்.
அடித்தது யோகம் என்றான் யோர்ன்.
எதற்கான மேசை என்று தெரியும்.
தெரிந்தேதான் சூடாக்கினோம்.

காசலிலிருந்து அத்தை அந்நாளில் எழுதுவாள்:
அண்ணா, உங்கள் ஊரில் எப்போதும் மழையா?
உறையின் விளிம்பெல்லாம் அலையலையாய் வருகிறதே.
ஆமாம், நல்ல மழை
என்று பதில் போட்டார் அப்பா.
அதுவும் அலையலையாய்ப் போய்ச் சேர்ந்தது.

பட்டறையை ஊருக்குத் திறந்துவிட்ட நாள். செப்டம்பர் தூறல்.
பிள்ளைகள் உருளைக்கிழங்கை வெட்டி அச்சுக் குத்தினார்கள்.
யாரோ கொண்டுவந்த பிளம் கேக்கில்
நீல மை.
தாள் அடுக்கும் உள்ளறையைப் பார்க்கலாமா என்றார்
பழுப்பு மழைக்கோட்டு அம்மாள் ஒருவர்.
கும்மிருட்டு. நான் செல்பேசியைத் துழாவுமுன்
அவர் கை கதவுக்குப் பின்னால்,
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே
தானாகப் போய்
விளக்கைப் போட்டது.

அந்த சுவிட்சைக் கண்டுபிடிக்க
எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

யோர்ன் என்னைப் பார்த்தான்.
நான் தாள்களைப் பார்த்தேன்.
ரோஸ்விதா என்றார், குடும்பப்பெயர் சொல்லவில்லை.
ஒட்டிக்கிடந்த இரண்டு ஈரத்தாள்களைக்
கட்டைவிரலும் மோதிரவிரலுமாய்
மூலையில் தொட்டுத் தூக்கினார்.
ஒரு நார் அறாமல் பிரிந்தன.
பயிற்சிக்கு வந்திருந்த லீன்டே கைதட்டினாள்,
இருபது வயது அவளுக்கு.
கைப்பழக்கம், என்றார் அந்த அம்மாள்
யாரையும் பார்க்காமல்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே,
சூட்டைக் கொஞ்சம் குறையுங்கள்,
விளிம்பு அலையலையாகிவிடும்.
எங்களுக்கு அதற்கு நேரம் தரமாட்டார்கள்.

படியிறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.
லிஃப்ட் இருக்கிறது என்று
நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு இரண்டு புள்ளி குறைத்தேன்.
இப்போது எங்கள் தாள்கள் நேராகப் படுத்திருக்கின்றன.
அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.
சுவிட்சை இடம் மாற்றியே ஆகவேண்டும் என்கிறான் யோர்ன்.
எலக்ட்ரீஷியனின் எண் சுவரில் ஒட்டியிருக்கிறது.
நான் இன்னும் கூப்பிடவில்லை.