ஒற்றைக்கொட்டை

நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.
ஓதம் என்று நினைத்துக்கொண்டேன்.
ஜீப் ஓட்டுகிறவனுக்கு
சீட்டின் சூடு கீழே இறங்கத்தானே செய்யும்.
மதலேன்தான் பிடித்தாள்:
"நடை மாறிடுச்சு. காலை அகட்டி வர்றே."

சேலத்தில் ஸ்கேன் அறை.
என் மகளைவிடச் சின்னப் பெண்.
குளிர்ந்த பசையைத் தடவுமுன்
"மூச்சைச் சாதாரணமா விடுங்கய்யா" என்றாள்.
மின்விசிறிக்கு மூன்று இறக்கை.
எண்ணி முடித்தும் எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

ஆறு வருடம் முன்பு இடது கிட்னியை எடுத்தார்கள்.
"முழுசா வந்துடுச்சு" என்றார் டாக்டர்.
தையல் பிரித்த அன்று
இரண்டு பேரும் தட்டுவடை செட் தின்றுவிட்டு மலையேறினோம்.

அதே கட்டிதானாம் இதுவும்.
சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
இடது விரையின் ரத்தக்குழாய் மேலே போய்
இடது கிட்னியின் குழாயில் சேர்கிறது,
வலதுக்கு வேறு வழி.
"எதிர்ப்பக்கமா இறங்கியிருக்கலாம். அபூர்வம்தான்."
அபூர்வம் என்கையில் அவர் குரலில் லேசாக ஒரு சந்தோஷம்.
குற்றம் சொல்லமாட்டேன்.

முப்பது வருடமாக இருபது கொண்டை ஊசி.
ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும்.
அதற்குத் தெரியவில்லை.
எந்த வளைவில் விளக்கை அணைத்துவிட்டு
ஆறு வருடம் நின்றிருந்ததோ.

எடுத்தாயிற்று. இப்போது மாத்திரை.
உள்ளங்கைத் தோல் உரிகிறது,
ஸ்டீயரிங் பிடித்தால் எரிச்சல்.
மீசை ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது.
எஸ்டேட்டில் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறோம்.
"என் மச்சானுக்கும் அதேதான்" என்று
ரைட்டர் பெலவேந்திரன் அரைமணி நேரம் விளக்கினார்.
கேட்டுக்கொண்டேன்.

தை மாதம். களத்தில் காப்பி காய்கிறது.
ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை,
தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி.
சிலதில் ஒன்றுதான் இருக்கும், உருண்டையாக.
தனியே பொறுக்கி, கூடுதல் விலைக்குப் போகும்.

முறத்தில் அப்படி ஒன்றை எடுத்த மதலேன்
என்னைப் பார்த்தாள்.
உதட்டைக் கடித்தாள்.
"சிரிச்சுத் தொலையேன்" என்றேன்.
சிரித்தாள், முறம் சரியும் அளவுக்கு.
பக்கத்தில் இருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
"என்னக்கா, எங்களுக்கும் சொல்லு."
"ஒண்ணுமில்ல, இவருக்கு விலை ஏறிடுச்சு."

அந்தக் கொட்டையை அவள் திரும்பப் போடவில்லை.
இடுப்பில் முடிந்துகொண்டாள்.

அடுத்த ஸ்கேனுக்குப் பதினோரு நாள்.
மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள்.
பதினாலாம் வளைவில் மூடுபனியாம்,
ஹாரன் அடித்துக்கொண்டே போகச் சொன்னார்கள்.