கிழிசல் சதம்

செம்பெல்லாம் குண்டுக்குப் போய்விட்டதாம்.
அந்த வருசம் கச்சேரியிலிருந்து வந்த ஐந்து சதத் தாளில்
நடுவே ஊசித் துளைகள் வரிசையாக.
இந்தப் பக்கம் இரண்டு சதம், அந்தப் பக்கம் மூன்று.
கிழி என்று சர்க்காரே சொன்ன காசு.

நான் மண்முனைத் துறையில் தோணிக்கூலி எழுதுகிறவன்.
ஆளுக்கு இரண்டு, ஆட்டுக்கு ஒன்று.
மாடு நீந்தினால் கணக்கில்லை.

காலையில் இரண்டைப் பிய்த்துத் தந்து போன மாரிப்பிள்ளை
மைம்மலில் திரும்பியபோது கையில் மூன்று.
மீதி ஒரு சதம் என்னிடம் இல்லை,
ஆற்றின் இரு கரையிலும் எவரிடமும் இல்லை.
"கடன் எழுதுங்க."
"ஏலா. புத்தகத்தில அதுக்குக் கோடில்ல."

அவள் தாளைப் பல்லில் வைத்தாள்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.
கோணலாய் ஒரு துண்டு முந்தியில் முடிந்தது,
மிச்சம் என் புத்தகத்தின்மேல்.
"ராசா கிழிச்சாக் காசு,
நான் கிழிச்சாக் குப்பையா கா?"

ஆதம்பாவா கம்பை ஊன்றாமல் நின்றான்.
தோணியில் பதினொரு பேர், மழை இருட்டு,
கத்துகிற இரண்டு ஆடு.
எழுதினேன்: வரவு, இரண்டு சதம்.

மறுகா விடிய,
அந்தக் கோணல் துண்டு வேறொருத்தன் கையில்
ஆட்டுக்கூலியாக வந்து நின்றது.
வெற்றிலைக் கடையும் வாங்கியதாம், கொல்லனும் வாங்கினானாம்.
மீன்காரிகள் தொட்டவை செதில் ஒட்டி மினுங்கின.
புளியந்தீவுக் கடைகளில் சிரித்துத் திருப்பினார்கள்.
தோணி போகிற தூரம்தான் அதன் ராச்சியம்.

சண்டை முடிய, கச்சேரி தாள்களைத் திருப்பிக் கேட்டது.
ஒரு ராத்திரி முழுக்கக் கஞ்சிப்பசையும் குப்பி விளக்கும்.
எந்தத் துண்டும் தன் தாளைக் கண்டடையவில்லை;
ஒன்றின் இலக்கம் இன்னொன்றின் இலக்கத்தோடு
ஒட்டிக்கொண்டு உலர்ந்தது.
பொறுப்பெடுத்த ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

ஏழு துண்டு மட்டும் மிஞ்சின.
எல்லாமே கொஞ்சம் ஒடுக்கம்.
மூன்றை நாலாகக் கிழித்திருக்கிறது யாரோ.
விளக்கருகே பிடித்துப் பார்த்தேன்:
ஓரத்தில் கடித்த தடம், நடுவே ஒரு பல் இடைவெளி.

ஏழு சதம் என் மடியிலிருந்து போட்டேன்.

இன்றைக்கும் வந்தாள்.
விளிம்பு வளைந்த புதுப் பித்தளை இரண்டு சதம்,
சத்தம் கேட்கவே புத்தகத்தின்மேல் போட்டுவிட்டு
அணியத்தில் போய் இருந்தாள்,
வாயை மூடிக்கொண்டு.