ஒன்றுமே நடக்காதது

குஷிரோ. மீன் உறைகிடங்கு.
இடைவேளை பதினொரு நிமிடம்.
புதிதாய்ச் சேர்ந்த ஹிசாநோ கேட்டாள்:
"அனிமே பார்த்ததே இல்லை. எதில் தொடங்க?"

கையுறையைக் கழற்றாமலே கொட்டித் தீர்த்தேன்.
எந்திர வீரர்கள், நாற்பத்தொன்பது பாகம்,
முதல் மூன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடு.
பேய் வேட்டை,
ரத்தம் ஒத்துக்கொள்ளுமா?
நாளெல்லாம் மீன் அறுப்பவளிடம்
கேட்கிறேன் பார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
அதில் ஒரு பெண் பனியில் சைக்கிள் தள்ளிப்
பால் வாங்கப் போவாள்.
வாங்கி வருவாள்.
விவாகரத்தான குளிர்காலத்தில்
நான்கு தரம் பார்த்தேன்.

மணி அடித்தது.
முகக்கவசத்தை ஏற்றியபடி அவள்:
"ஒன்றுமே நடக்காதது
ஏதாவது இருக்கிறதா?"

பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.
அதன் இரைச்சலுக்கு மேலே கத்தினேன்:
"பால்!
பால் வாங்கப் போவாள்!"