நாற்பத்தொன்றாம் வாரம்

பீட்டி தாண்டிப் பதினோராவது மைலில்
வெடித்தது.
துப்பாக்கி என்று நினைத்தானாம் வெர்ல்.
நான் அடுப்பு கேஸ் என்று.
பக்கக் கண்ணாடியில் கறுப்பாய் ஒரு பட்டை
காக்கைபோல் எழும்பி
தார்மேல் விழுந்து புரண்டது.

பிரேக்கை மிதிக்காதே என்றேன்.
மிதிக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவன்.
திமிறும் கன்றைப் பிடிப்பதுபோல்
ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து
வேகம் தானாகத் தீரட்டும் என்று விட்டான்.
எங்கள் இருபத்தாறு அடி வீடு
இடம், வலம், இடம் என்று வாலாட்டிவிட்டு
ஏதோ மனம் மாறி
எங்கள் பின்னாலேயே வந்து நின்றது.

நெவாடா.
ஒரு புதர். வெகுதூரத்தில் இன்னொரு புதர்.
போனில் ஒரு கோடு வர
மேட்டில் ஏற வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் டயர்மேல்தான்.
தினமும் வெயில் தொடுமுன்
நான்கு சக்கரத்துக்கும் நாடி பார்ப்பவள் நான்.
எண்பது என்றால் எண்பது,
எழுபத்தெட்டை ஒருநாளும் மன்னித்ததில்லை.
வெர்ல்கூட பள்ளத்தில் பென்னிக் காசைச் செருகி
புத்தம் புதுசு, ஐடெல்லா, என்பான்.

இரண்டரை மணி நேரம் கழித்துப் பரம்பிலிருந்து வந்தாள்.
சட்டையில் நூலால் ரூவல்காபா.
முப்பது இருக்காது.
எதையும் கேட்காமல்
சூடான சரளையில் மல்லாந்து
வண்டிக்கடியில் நுழைந்தாள்.
உள்ளேயிருந்து குரல் மட்டும்:
நாற்பத்தொன்று, பதின்மூன்று.

என்னது அது?

பிறந்த வாரம். பதின்மூன்றாம் வருஷம்,
நாற்பத்தொன்றாவது வாரம்.
உள்பக்கச் சுவரில் இருக்கிறது,
படுத்தால்தான் தெரியும்.

ட்வின் ஃபால்ஸில் இதை விற்றவன்
அதிகம் ஓடாத வண்டி என்றானே.
அதுதான், என்றாள் அவள்,
ஓடித் தேய்வது ஒரு சாவு
நின்று காய்வது வேறொன்று.
டார்ச்சைத் திருப்பிக் காட்டினாள்.
மிச்சமிருந்த மூன்றிலும்
கோடைக் குளத்துச் சேறாய் வெடிப்பு.
நான் அளந்தது காற்றை.
தோலை யார் பார்த்தார்கள்?

ஜாக்கி பாதி ஏறி முனகியது.
அவள் நிறுத்தினாள்.
இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு கனம்,
கட்டிலுக்கடியில் என்ன?

வெர்ல் தொலைவிலிருந்த புதரைப் பார்த்தான்.

பலகையைத் தூக்கினேன்.
ஏழு பால் கூடைகள்.
அகேட். கல்லாய்ப்போன மரம்.
பிளந்தால் உள்ளே ஊதா மின்னும் உருண்டைகள்.
அப்பாச்சிக் கண்ணீர் என்கிற கறுப்புக் கூழாங்கல்
ஒரு கூடை முழுக்க.
குளிர்காலம் முழுவதும் இவற்றின் மேல் படுத்துக்கொண்டு
முதுகு வலிக்கு மெத்தையைத் திட்டியிருக்கிறேன்.

எடை கூடும் என்று
என் இரும்புச் சட்டியை
வீட்டில் விட்டுவரச் சொன்னவன் இவன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரூவல்காபா ஒன்றும் சொல்லவில்லை.
மூவருமாகக் கூடைகளை இறக்கினோம்.
அவன் கவிழ்க்காமல்
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தான்,
முட்டை அடுக்குகிற மாதிரி.
என்றாவது ஒருவன் இந்தப் பக்கம் வந்து
இந்தக் கல் இந்த மண்ணில் எப்படி என்று
தலையைச் சொறிவான்.

அவளிடம் இந்த அளவில் இரண்டே டயர்.
வெடித்ததற்கு ஒன்று,
அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிய பக்கத்து டயருக்கு ஒன்று.
அந்தப் பக்கத்து இரண்டும் டோனபாவில் மாற்றுங்கள்,
அதுவரை ஐம்பதுக்கு மேல் வேண்டாம்.
பில்லை மடித்து நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஐம்பதிலேயே போனோம்.
லாரிகள் ஹாரனால் வைதுகொண்டு கடந்தன.
வெர்ல் ரேடியோ போடவில்லை.

டோனபாவில் இறங்கியதும்
நான்கையும் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரர் நெற்றியைப்போல, புறங்கையால்.
ஒரே இளஞ்சூடு.
நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்,
அவன் கால்சட்டையின் வலது பை
உருண்டையாய்ப் புடைத்திருந்தது.

ஒரு பவுண்டு இருக்கும்.
தாங்கும்.