பிரிஜித்தம்மாள், கே பதினாலு

பணகுடிக்குத் தெற்கே ஞானதிரவியம் கட்டிய
புது வீட்டில் சுவிட்சுகள் எல்லாம் இருந்தன.
கரண்ட் இல்லை.
எண்பது மீட்டர் ஏறிக்
காத்தாடியின் மண்டைக்குள் நட்டு முறுக்க
டென்மார்க்கிலிருந்து வந்தவள்
என் டார்ச் வெளிச்சத்தில் அரிசி களைந்தாள்.

வயரிங் மட்டும்தான் என் வேலை.
வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிய பாவத்துக்கு
அவளோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன்.
எனக்குத் தெரிந்த இங்கிலீசும்
அவளுக்குத் தெரிந்த இங்கிலீசும்
வேறு வேறு ஊர்.

'என் மெஷினிலிருந்துதானே போகிறது?'
அடிவானம் வரை
வெள்ளை வெள்ளையாய்ச் சுற்றுவதைக் காட்டினாள்.
போகுது.
கயத்தாறு போய், மெட்ராஸ் போய்,
எங்கெங்கேயோ போய்விட்டு வரும்.
மனு எழுதிக் கொடுக்காமல்
இந்தப் பக்கம் திரும்பாது.

மனுவில் தகப்பன் அல்லது கணவன் பெயர்.
'இரண்டும் இல்லையென்றால்?'
பொன்னுலட்சுமி மேடம்
கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.
பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.
இருபது வருஷமாக அந்த ஆபீசுக்குப் போகிறேன்,
மேடம் கோடு போட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு நம்பர் விழவில்லை,
தெருவுக்குப் பேரில்லை.
'போஸ்ட் நம்பராவது சொல்லும்வே.'
கே பதினாலு என்றேன்.
அன்று ராத்திரி அவள் ஊருக்குப் போன் பேசும்போது
புரியாத பாஷைக்கு நடுவில்
கே பதினாலு, கே பதினாலு என்று கேட்டது.

கேஸ் ஏஜென்சியில் வேறு கூத்து.
பிர்கிட்டே என்று எழுதிக் கொடுத்தாள்.
புத்தகத்தில் பிரிஜித்தம்மாள் என்று வந்தது.
எழுதியவன் வடக்கன்குளத்துப் பையன்.
'யார் இவள்?'
எங்க சித்தி, என்றான் அவன்.
'நன்றாக இருக்கிறாளா?'
நல்லா இருக்கா, தாழையூத்தில டீச்சர்.
'அப்படியானால் இருக்கட்டும்' என்று
புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தண்ணீருக்கு டைம்டேபிள் கேட்டாள்.
போர்த்தண்ணி உப்பு. நல்ல தண்ணி
எட்டு நாளைக்கொருக்கா,
பத்தும் ஆகும். மணி யாருக்குத் தெரியும்?
பக்கத்து வீட்டு ஜெசிந்தாதான் சொன்னாள்:
'கொழாய் இருமும். கேட்டு எந்திரி.'
இருமிக் காட்டவும் செய்தாள்.
மறுநாள் பத்து மணிக்கு நான் போனபோது
குடம், வாளி, குக்கர், பிளாஸ்க்,
காலில் போடும் பெரிய பூட்ஸ் ஒன்றைத் தவிர
எல்லாவற்றிலும் தாமிரபரணி.
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு இருமியதாம்.

பதினோராம் நாள் மீட்டர் வைத்தார்கள்.
மூன்று நிமிஷம் எரிந்தது.
ஆனிக் காற்றில் லைனோடு லைன் உரசி
ஊரே அணைந்தது.
காற்று அதிகம், அதனால் கரண்ட் இல்லை என்றேன்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
படியில் உட்கார்ந்து,
கண்ணில் தண்ணி வர அவள் சிரித்தது
இருட்டில் எனக்குச் சத்தமாக மட்டும் கேட்டது.

ரெண்டு மாசம் கழித்து ரீடிங் எடுக்க வந்தவன்
வெள்ளை அட்டையில் 'கதவு பூட்டு' என்று
எழுதிப் போனான். அவள் மேலே இருந்தாள்.
மேலேயிருந்து என்னதான் பாப்பா என்று
வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்.
எனக்கு எப்படித் தெரியும்?

போன வெள்ளிக்கிழமை
அவர் மோட்டாரைப் போட்டுவிட்டுப்
பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
நான் பேன் மாட்டிக்கொண்டிருந்தேன்.
அவர் செல் அடித்தது.
ஸ்பீக்கரில் ஒரே காற்றிரைச்சல்,
அதற்குள்ளிருந்து:

'அண்ணாச்சி, தொட்டி ரொம்பிட்டு.'
அவர் எழுந்து ஓடுவதற்குள்
'ஜெசிந்தா வீட்டுலயும்.'