பிணக்கின் தன்மை

சனிக்கிழமை எட்டரைக்கு
ஏழாம் வகுப்பு வாங்குகளை வட்டமாக இழுத்துப் போட்டால்
மத்தியஸ்த சபை.
கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை.
கரும்பலகையில் நேற்றைய தமிழ்ப் பாடம்:
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
'அழிக்க வேண்டாம்' என்று மூலையில் எழுதியிருக்கிறது.
பயன் இலை என்று பிரித்து வாசித்து
பிலிப்பையா தானே சிரித்துக்கொள்கிறார்.

மூன்று பேர் நாங்கள்.
நீர்ப்பாசனத்தில் ஓய்வுபெற்ற உதுமாலெவ்வை,
தையற்கடை பிலிப்பையா,
உபதபாலகத்தில் முத்திரை குத்துகிற நான்.
சம்பளம் கிடையாது. பஸ் காசு உண்டு,
மூன்று மாதம் பிந்தி.
மட்டக்களப்பில் ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள்,
பெரிய வெள்ளைத் தாளில் பச்சைப் பேனையால்:
தீர்ப்புச் சொல்லாதே.
யார் சரி என்று தேடாதே.
அவர் சொன்னதைச் சூடு ஆற்றி
அவரிடமே திருப்பிக் கொடு.
நான் அதில் கெட்டிக்காரி. சான்றிதழ் இருக்கிறது.

இன்றைக்கு மாடு.
கோவையில் ஒரே வரி,
'பிணக்கின் தன்மை: பயிர்ச் சேதம், முக்கால் ஏக்கர்.'
நற்பிட்டிமுனை ஆதம்பாவா
கிட்டங்கித் தாம்போதியில் முழங்கால் தண்ணீரைக் கடந்து
சாரன் நனைய வந்திருக்கிறார்.
எதிர் வாங்கில் பட்டிக்காரர் பத்தக்குட்டி,
கையில் ஒரு துண்டுக் கயிறு, முறுக்கியபடி.

"இவர்ர மாடு வயலையா மிதிச்ச?
என்ட வயித்துல மிதிச்சிட்டுப் போயிருக்கு."

பயின்றபடி சொன்னேன்:
"பயிர் சேதமானதால் உங்களுக்குப் பொருளாதார நெருக்கடி
என்கிறீர்கள்."

விலாசம் மாறி வந்த கடிதத்தைப் போல
என்னைப் பார்த்தார்.
"நான் அப்பிடிச் சொல்லல்ல மிஸ்.
வயித்துல எண்டுதான் சொன்ன."

முகட்டுத் தகரத்தில் மழை.
பத்தக்குட்டி கயிற்றைப் பார்த்தே பேசினார்:
"குறி என்ட குறிதான். ஏழு மாடு. இல்லையெண்டு சொல்லல்ல.
மேய்ச்சத் தரையெல்லாம் வட்டையாக்கிப் போட்டா
மாட்ட நான் வானத்துலயா கட்டுற?"

மேய்ச்சல் நிலப் பற்றாக்குறை.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.
"வானத்துலயா கட்டுற எண்டு கேக்கிறீங்க."
"ஓம்."
"நீங்க, வயித்துல எண்டு."
"ஓம் மிஸ். குடலைப் பருவம்.
தண்டுக்குத் தண்டு வயிறு வெச்சிருந்த.
உரத்துக்கு மகள்ர காப்பு ஈட்டுல கிடக்கு."

கயிறு நின்றது.
"எத்தின நாள் குடலை?"
பத்தக்குட்டி கேட்டது என்னையல்ல.
"அஞ்சி நாள்ல கதிர் எறியும்."
"தெத்திப் பக்கமா, வாய்க்கால் பக்கமா?"
"வாய்க்கால் பக்கம்."
"அது நல்ல மண்."
"நல்ல மண்தான்."

அதன்பிறகு நாங்கள் மூவரும்
அந்த வகுப்பின் கதிரைகள்.

பதினான்கு மூடை கேட்டவருக்கு ஆறு மூடை, இரண்டு தவணையில்.
அறுத்த பிறகு ஒட்டுத்தாளில் அந்த ஏழும் மேயலாம்,
அதைச் சொன்னது ஆதம்பாவா,
கோபம் ஆறாத குரலிலேயே.
ஒருவர் கையெழுத்து. ஒருவர் பெருவிரல்.
முடிவில் கைகுலுக்கச் செய்யுமாறு
பச்சைப் பேனைத் தாளில் இருந்தது.
நான் கேட்கவில்லை.
அவர்களும் குலுக்கவில்லை.

படிவத்தில் 'தீர்ந்தது' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.
வயிற்றுக்குக் கட்டம் இல்லை.
வானத்துக்கும் இல்லை,
அது அடுத்த போகம் திரும்பவும் வரும்,
வேறு குறியோடு, வேறு கயிற்றோடு.

"அடுத்த கோவை" என்றார் உதுமாலெவ்வை.
வங்கிக் கடன். பதினேழு பேர்.
வராந்தாவில் நனைந்த குடைகள்.
நான் எழுந்து இன்னும் வாங்குகளை இழுத்தேன்.